ஓய்வு பெற்ற கொலையாளி மறுபடியும் வாளெடுத்தது நிஜத்தில் நடந்திருக்கிறதா?

கேள்வி இதுதான்: ஆளை முடிப்பதையே வேலையாகச் செய்த ஒருவன் அதை விட்டு ஒதுங்கிக் குடும்பம், நிலம் என்று இருக்கிறான். பழைய ஆட்கள் தேடி வருகிறார்கள், மறுபடியும் இறங்க வேண்டியதாகிறது. சினிமாவில் நமக்குப் பழக்கமான இந்தக் கதை உண்மையில் யாருக்காவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் எது அவனைத் திரும்ப இழுத்தது? கதை எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடந்திருக்கிறது. ஜப்பானில் 1877-ஆம் ஆண்டு, தெற்கே சத்சுமா பகுதிச் சாமுராய்கள் அரசுக்கு எதிராக எழுந்த ஒரே போருக்காகப் பலர் இப்படித் திரும்பி வந்தார்கள். அவர்களில் மூன்று பேரைப் பற்றி நன்றாகவே தெரியும்: கிரினோ தோஷியாகி, சைதோ ஹஜிமே, இமாய் நொபுவோ. கிரினோவும் சைதோவும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். மூன்றாமவர் போர்க்களத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மூவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சினிமாவில் அந்த ஆளைக் கிளப்புவது மனைவியின் சாவு, மகளின் கடத்தல் போன்ற சொந்தக் காயம். இவர்களை இழுத்தது அது இல்லை. இவர்கள் எந்தக் கூட்டத்துக்காகக் கொன்றார்களோ அந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருந்தது. அல்லது, அந்தக் கூட்டத்தை அழித்தவர்கள்மீது கணக்குப் பாக்கி இருந்தது. அதோடு சோற்றுக்கு ஒரு வேலையும் வேண்டியிருந்தது.

முதலில் பின்னணி. 1850-களில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டியதிலிருந்து, பேரரசர் பெயரில் நாட்டை ஆண்டுவந்த படைத்தலைவரான ஷோகுனின் ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கியது. 1862 முதல் சில ஆண்டுகள் கியோட்டோ நகரத் தெருக்கள் பயங்கரமாக இருந்தன. வெளிநாட்டாரை விரட்ட வேண்டும், பேரரசரின் ஆட்சி வர வேண்டும் என்ற இளைஞர்கள், ஷோகுன் பக்கம் இருப்பவர்களை இருட்டில் மடக்கி வெட்டினார்கள். வெட்டிய தலையை ஆற்றங்கரையில் வைத்து, பக்கத்தில் 'விண்ணுலகின் தண்டனை' என்று எழுதிய பலகையை நட்டார்கள். இப்படி வெட்டுபவர்களுக்கு 'ஹிதோகிரி' என்று பெயர். ஷோகுன் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஷின்சென்குமி, மிமாவாரிகுமி என்ற படைகளைக் கியோட்டோவில் இறக்கி அதே வேலையைத் திருப்பிச் செய்தது.

இந்தக் கொலையாளிகள் யாரும் தனி ஆட்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் யாரைக் கொல்ல வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒருவர் இருந்தார். தோசா பகுதியைச் சேர்ந்த ஒகாதா இஸோவுக்கு தகேச்சி ஸுய்ஸான். தகேச்சி படித்தவர், ஓவியர், மரியாதைக்குரிய தலைவர். இஸோ கீழ்நிலைச் சாமுராய், வாள் மட்டுமே தெரியும். மாட்டிக்கொண்டு சித்திரவதையில் இஸோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டதும், 1865-ல் ஒரே நாளில் இருவர் கதையும் முடிந்தது. தகேச்சிக்குத் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ளும் கௌரவம் கொடுத்தார்கள். இஸோவுக்கு அது கிடையாது, தலையை வெட்டி ஊருக்குக் காட்டினார்கள். இந்த ஏற்றத்தாழ்வைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வேலையில் ஏவியவனும் செய்தவனும் கடைசிவரை வெவ்வேறு சாதி மாதிரிதான்.

1868-ல் ஷோகுன் ஆட்சி விழுந்தது. அப்போது இந்த வெட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. வயதாகி ஓய்வு பெற்றவர்கள் இல்லை இவர்கள். ஆட்சி மாறியதால் வேலை போனவர்கள். புதிய அரசுக்கு வெளிநாட்டோடு வியாபாரம், ரயில், சட்டம் எல்லாம் தேவைப்பட்டது. நேற்றுவரை வெளிநாட்டாரை வெட்டு என்று சொன்னவர்களே இன்று கோட் போட்டுக்கொண்டு தூதர்களோடு விருந்து சாப்பிட்டார்கள். குமமோட்டோவைச் சேர்ந்த கவகாமி கென்சாயால் இதைத் தாங்க முடியவில்லை. 1864-ல் சகுமா ஷோசான் என்ற பேரறிஞரைப் பட்டப்பகலில் கியோட்டோ தெருவில் வெட்டியவர் அவர். ஆட்சி மாறிய பிறகும் பழைய கொள்கையை விடவில்லை, அரசுக்கு எதிரானவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1872 ஜனவரியில் அவருடைய பழைய தோழர்களின் அரசே அவருக்கு மரண தண்டனை கொடுத்தது.

சரி, கிரினோவுக்கு வருவோம். அப்போது அவர் பெயர் நகமுரா ஹன்ஜிரோ. தெற்கே சத்சுமா பகுதியில் மிக ஏழையான சாமுராய்க் குடும்பம். தந்தை தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டுத்தான் வீட்டைக் காப்பாற்றினார். பின்னால் வந்த நாவல்கள் அவரை எண்ணற்ற கொலைகள் செய்தவராகக் காட்டுகின்றன. ஆனால் ஆதாரத்தோடு நிற்பது ஒரே ஒரு கொலைதான். அந்த ஒன்றை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

கொல்லப்பட்டவர் அகமட்சு கொசபுரோ. உவேதா என்ற சின்னப் பகுதியைச் சேர்ந்த அறிஞர். பிரிட்டிஷ் ராணுவத்தின் காலாட்படைப் பயிற்சி நூலை ஜப்பானிய மொழியில் தந்தவர். சத்சுமா வீரர்களுக்கே கியோட்டோவில் பயிற்சி கொடுத்தவர். 1867-ல், இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஜப்பானில் அந்த யோசனையை அவ்வளவு தெளிவாக எழுத்தில் வைத்த முதல் சிலரில் ஒருவர். ஷோகுனும் பேரரசர் தரப்பும் போரில்லாமல் ஒன்று சேர வேண்டும் என்பது அவர் ஆசை. சத்சுமாவோ போருக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தங்கள் படை ரகசியம் அத்தனையும் தெரிந்தவர் ஊருக்குத் திரும்புகிறார் என்றதும் அவரை முடிக்க முடிவானது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், கியோட்டோ தெருவில் பகலிலேயே ஹன்ஜிரோவும் இன்னொருவரும் அவரை வெட்டினார்கள். உளவாளி என்பதால் கொன்றோம் என்று ஹன்ஜிரோ தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சத்சுமா மாணவர்களே தங்கள் ஆசிரியருக்குக் கல்லறை எழுப்பினார்கள். கல்லில் கொள்ளையரால் கொல்லப்பட்டதாகப் பொறித்தார்கள்.

புதிய அரசில் அந்த ஹன்ஜிரோ, கிரினோ தோஷியாகி என்ற பெயரில் மேஜர் ஜெனரல் ஆனார். 1872-ல் குமமோட்டோ கோட்டையில் இருந்த படைத்தளத்தின் தளபதி. 1873-ல், கொரியாவுக்குத் தூது அனுப்பும் விவகாரத்தில், சத்சுமாவின் பெருந்தலைவரும் புதிய அரசின் தூண்களில் ஒருவருமான சைகோ தகமோரி பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு ஊருக்குப் போனபோது, கிரினோவும் கூடவே போனார். சத்சுமாவின் தலைநகரான ககோஷிமாவுக்கு வெளியே யோஷிதா என்ற கிராமத்தில் காட்டை வெட்டி நிலம் திருத்தினார். மண்வெட்டி பிடித்து விவசாயம் செய்தார். ஜெனரலாக இருந்தவர் செய்யும் நாடகம் என்று சிலர் நினைத்தார்கள். அப்படி இல்லை, சின்ன வயதில் செய்த வேலைக்குத்தான் திரும்பினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்படிப் போயின. உங்கள் கதையில் வரும் ஓய்வுக்காலம் இதுதான்.

ஆனால் அந்த ஓய்வுக்குள்ளேயே கூட்டம் இருந்தது. சைகோவின் ஆட்கள் ககோஷிமாவில் பள்ளிகள் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அங்கே துப்பாக்கியும் பீரங்கியும் பயின்றார்கள். 1875-ல் யோஷினோவில் பகலில் நிலம் திருத்தி இரவில் படிக்கும் ஓர் அமைப்பும் தொடங்கியது. அதை வழிநடத்தியவர்களில் கிரினோவும் ஒருவர். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் தொழிலை விட்டவர் என்று சொல்ல முடியாது. கூப்பிடும்வரை காத்திருப்பவர், அவ்வளவுதான்.

அந்த அழைப்பு 1877 தொடக்கத்தில் வந்தது. வெளியே இருந்து பார்த்தால் காரணங்கள் பெரியவை: 1876 மார்ச்சில் சாமுராய்கள் வாள் அணியத் தடை, அதே ஆண்டு அவர்களின் பரம்பரை மானியத்துக்கும் முடிவு. ஆனால் தீயைப் பற்றவைத்தது ஒரு கொலைத் திட்டம் பற்றிய செய்தி. தோக்கியோ காவல்துறையின் தலைவர் கவாஜி தோஷியோஷி, அவரும் சத்சுமாக்காரர். சத்சுமாவிலேயே பிறந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆட்களைக் ககோஷிமாவுக்கு அனுப்பினார். ஜனவரி இறுதியில், அரசு ஆயுதக் கிடங்கைக் காலி செய்வதைப் பார்த்துப் பள்ளி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அந்தக் காவல்காரர்களைப் பிடித்து அடித்து விசாரித்ததில், சைகோவைக் கொல்லவே வந்தோம் என்ற வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தத் திட்டம் உண்மையா, வலியில் சொன்னதா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. கிரினோவின் இடத்தில் இருந்து பாருங்கள். பத்து ஆண்டுக்கு முன் அவர் தரப்பு அகமட்சுவுக்குச் செய்ததைத்தான் இப்போது தன் தலைவருக்குச் செய்ய வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறார். அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று அவரால் சொல்ல முடியுமா? அது எப்படி நடக்கும் என்று அவருக்குக் கைவிரல் நுனிவரை தெரியும். பள்ளியில் கூடிப் பேசியபோது, படையோடு தோக்கியோவுக்குக் கிளம்புவது என்ற பக்கத்தில் உறுதியாக நின்றவர் அவர்.

பிப்ரவரி நடுவில், அந்தத் தென்கோடியில் அபூர்வமாகக் கொட்டிய பனியில் சுமார் 13,000 பேர் வடக்கே நடந்தார்கள். வழியை மறித்தது குமமோட்டோ கோட்டை. கிரினோ ஒரு காலத்தில் ஆண்ட அதே கோட்டை. உள்ளே இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் 1873 சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட விவசாயிப் பிள்ளைகள். ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும் என்று சத்சுமாக்காரர்கள் நினைத்தார்கள். விழவில்லை. தானி ததேகி என்ற தளபதியின் கீழ், ஏறக்குறைய ஐம்பது நாள் முற்றுகையை அந்தப் பிள்ளைகள் தாங்கினார்கள். போரின் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

இனி எதிர்ப்பக்கம். முற்றுகையில் மாட்டிய கோட்டையை மீட்க அரசுப் படை தபருஸாகா என்ற மேட்டுச் சாலையில் ஏறியது. மார்ச் 4 முதல் 20 வரை அங்கே நடந்தது கொடூரம். இரண்டு பக்கத்துக் குண்டுகளும் நடுவானில் மோதி ஒட்டிக்கொண்டு விழுந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஈயக் கட்டிகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் சத்சுமாக்காரர்களின் முன்வாய்த் துப்பாக்கிகள் நனைந்து வேலை செய்யாது. உடனே வாளை உருவிக்கொண்டு பாய்ந்துவிடுவார்கள். துப்பாக்கி மட்டுமே பழகிய விவசாயிச் சிப்பாய்கள் வாளைக் கண்டு சிதறி ஓடினார்கள். அரசுக்கு அவசரமாக வாள் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? காவல்துறையில்.

1874-ல் தோக்கியோ காவல்துறை தொடங்கியபோது, வேலை இழந்த சாமுராய்களை நிறையச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் கணிசமானவர்கள் 1868-ல் கடைசிவரை ஷோகுனுக்காகப் போராடித் தோற்ற ஐசு பகுதிக்காரர்கள். அவர்களைத் தோற்கடித்ததில் முன்னணியில் நின்றது சத்சுமா. இப்போது அதே சத்சுமாவை வெட்டப் போங்கள் என்று அரசே கையில் வாளைக் கொடுக்கிறது! ஓர் ஐசுக்காரர் 1868-க்குப் பழி என்று கத்திக்கொண்டே வெட்டினார் என்று களத்திலிருந்து செய்தி எழுதியவர் இனுகாய் த்சுயோஷி என்ற இளம் நிருபர். பின்னால் பிரதமராகி, 1932-ல் கடற்படை இளைஞர்களின் துப்பாக்கிக்குப் பலியானவர் அவர்தான்.

சைதோ ஹஜிமே இந்த வழியாகத்தான் திரும்பினார். மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகள் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஆனால் நிஜ மனிதர் அதைவிட அழுத்தமானவர். ஷின்சென்குமியின் மூன்றாம் பிரிவுத் தலைவர். அந்தப் படை சொந்த ஆட்களையே களையெடுப்பதில் பேர் போனது. 1867-ல் இதோ கஷிதாரோ என்ற முக்கியப் புள்ளி தன் ஆட்களோடு பிரிந்து போனபோது சைதோவும் கூடவே போனார். உளவாளியாக அனுப்பப்பட்டவர் என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது. சில மாதங்களில் திரும்பி வந்தார். அப்புறம் இதோவை விருந்துக்குக் கூப்பிட்டுக் குடிக்க வைத்து, வீடு திரும்பும் வழியில் கொன்றார்கள். உடலைத் தெருமுனையில் போட்டு வைத்து, எடுக்க வந்த அவருடைய ஆட்களையும் வெட்டினார்கள். இப்படிப்பட்ட வேலைக்குள் இருந்தவர் அவர்.

1868-ல் ஐசுவோடு சேர்ந்து தோற்றார். ஐசுக்காரர்களை வடகோடியில் தொனாமி என்ற குளிர்ந்த, விளையாத நிலத்துக்கு அனுப்பினார்கள். இவரும் போய்ப் பட்டினி கிடந்தார். பெயரை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாற்றினார். கடைசியில் ஃபுஜிதா கோரோ என்று தோக்கியோ வந்து காவல்துறையில் சேர்ந்தார். ஐசுவைச் சேர்ந்த தகாகி தோகியோவை மணந்தார். ஐசுவின் பழைய பிரபுவே அந்தத் திருமணத்துக்கு மத்தியஸ்தர். மூத்த மகன் 1876-ல் பிறந்தான். குழந்தை தவழ ஆரம்பிக்கும் நேரத்தில், 1877 மே மாதம், காவல்துறைப் படைப்பிரிவில், போர் நடந்த தெற்குத் தீவான கியூஷுவுக்குக் கிளம்பினார். தபருஸாகாவில் அவர் இல்லை. கிழக்குப் பக்கம் புங்கோவில் சண்டை போட்டார். ஜூலையில் ஒரு தாக்குதலில் குண்டடி பட்டார், ஆனாலும் அவர் பிரிவு சத்சுமாவின் இரண்டு பீரங்கிகளைக் கைப்பற்றியது. தோக்கியோ நாளிதழ் ஒன்றில் ஃபுஜிதா கோரோ என்ற பெயரோடு அந்தச் செய்தி வந்தது. ஷின்சென்குமியின் சைதோதான் அது என்று படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

அவரைச் சம்பளம் இழுத்ததா, பழி இழுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே உத்தரவில் வந்தன. கிரினோவுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான். கிரினோ தன் தலைவருக்காகச் சட்டத்தை மீறி வந்தார். சைதோ சீருடை போட்டு, சம்பளப் பட்டியலில் பெயரோடு வந்தார். செப்டம்பர் 24 அன்று ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில், நானூறு பேர்கூட இல்லாத கூட்டத்தோடு சைகோ இறந்தார். கிரினோ நெற்றியில் குண்டு பட்டு விழுந்தார். சைதோ பணிக்குத் திரும்பினார், பின்னால் பதக்கமும் கிடைத்தது. 1891 வரை காவல்துறையில் இருந்தார். பிறகு ஒரு கல்வி அருங்காட்சியகத்தில் காவலர், அதன் பிறகு பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. 1915-ல் வயிற்றுப் புண்ணால் இறந்தார். இழுக்கப்பட்டு வந்தவர்களில் பிழைத்தவர் யார் என்று கேட்டால், திரும்பிப் போக ஒரு வேலை இருந்தவர் என்பதுதான் என் பதில்.

மூன்றாமவர் இமாய் நொபுவோ. மிமாவாரிகுமிக்காரர். 1867 டிசம்பரில், ஷோகுன் ஆட்சியை முடிக்கப் பாடுபட்ட தோசாக்காரர் சகமோதோ ரியோமாவைக் கொன்ற குழுவில் தானும் இருந்ததாக 1870 விசாரணையில் ஒப்புக்கொண்டவர். கீழே காவல் நின்றேன், மாடிக்குப் போனது மற்றவர்கள் என்றார். 1872-ல் மன்னித்து விடப்பட்டார். 1877-ல் இவரும் காவல்துறைப் படையில் பதவி வாங்கி ஆட்களைத் திரட்டினார். ஆனால் அரசுக்காகப் போராட இல்லை, அங்கே போனதும் சைகோவின் பக்கம் மாறிவிடும் எண்ணத்தோடு என்று சொல்லப்படுகிறது. போய்ச் சேருவதற்குள் போர் முடிந்தது, படையைக் கலைத்துவிட்டார்கள். அவர் ஷிஸுவோகாவுக்குத் திரும்பினார். ஷோகுனின் பழைய வீரர்கள் தரிசைத் திருத்தித் தேயிலை போட்ட மகினோஹாராவில் விவசாயி ஆனார். கிறிஸ்தவராக மாறினார், கிராமத் தலைவராகவும் இருந்தார், 1918-ல் இறந்தார்.

இடையில் 1900-ல் ஒரு பத்திரிகையில், ரியோமாவை வெட்டியது இமாய்தான் என்று அவர் சொன்னதாகக் கட்டுரை வந்தது. அதைக் கடுமையாக மறுத்துப் பேசியவர் தானி ததேகி. குமமோட்டோ கோட்டையைக் காத்த அதே தானி. ரியோமாவின் ஊர்க்காரர், கொலை நடந்த அறைக்கு ஓடி வந்து பார்த்தவர்களில் ஒருவர். விளம்பரத்துக்காகப் பொய் சொல்கிறான் என்பது அவர் வாதம். தேயிலைத் தோட்டத்துக் கிழவர் ஒருவர், தான் கொன்றேனா இல்லையா என்பதற்காகவே ஊரெல்லாம் பேச்சு வாங்கியிருக்கிறார்.

உங்கள் கதைக்கு இந்த மூவரில் ஒருவரை எடுப்பதானால் நான் இமாயைத்தான் எடுப்பேன். சைதோவைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் வந்துவிட்டன. கிரினோவின் முடிவு எல்லோருக்கும் தெரியும். இமாயிடம் எழுத நிறைய மிச்சம் இருக்கிறது: அரசின் சீருடையில் அரசுக்கு எதிராகப் போகும் ரகசியம், வழியிலேயே வரும் கலைப்பு உத்தரவு, கூட வந்த ஆட்களிடம் என்ன சொல்வது என்ற சிக்கல், ஊருக்குத் திரும்பித் தேயிலைக்கு நிலம் கொத்துவது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: அவர் கூட்டிப்போன ஆட்களில் எத்தனை பேருக்கு அந்த உள்நோக்கம் தெரியும். அவர்கள் யாரை நம்பி வந்தார்கள் என்பதிலிருந்துதான் மீதிக் கதை வரும்.